அசையாத பின் கண்ணாடியை மோட்டார் கண்ணாடியாக மாற்றிய கதை: ஒரு ஃபோர்டு எஃப்-150 நிகழ்வு ஆய்வு

வண்டி 2012ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் (கேபினுக்குப் பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி), எக்ஸ்எல்டி ரகம், நான்கு கதவு சூப்பர் க்ரூ கேபின். இடம் டெக்சாஸில் ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு புறநகர். உரிமையாளர் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வண்டியை அவர் பழையதாக வாங்கியபோது பின்னால் இருந்தது ஒற்றைக் கண்ணாடி, திறக்கவே திறக்காது. அதை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் நடுக் கண்ணாடி மட்டும் பக்கவாட்டில் நகரும் மோட்டார் வகையைப் பொருத்த வேண்டும் என்றார்.

இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரையும் சுவிட்சையும் பற்றியே பேசுவார்கள். அது சுலபமான பாதி. வேலை நின்றதா கவிழ்ந்ததா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். கண்ணாடி நகருகிறதா என்று முதல் நாளே தெரிந்துவிடும். ஒழுகுகிறதா என்பது முதல் பெருமழையில்தான் தெரியும். அதனால் இந்த ஆய்வில் பசை, துரு, வடிகால் துளை ஆகியவற்றுக்குத்தான் அதிக இடம்.

எதற்காக இந்த மாற்றம்

அண்ணன் படகு வைத்திருக்கிறார். விடுமுறையில் கால்வெஸ்டன் விரிகுடா பக்கம் இழுத்துக்கொண்டு போவார். படகுத் துறைச் சரிவில் ட்ரெய்லரைப் பின்னோக்கி இறக்கும்போது அண்ணி பின்னால் நின்று வழி சொல்வார். பக்கக் கண்ணாடியை இறக்கினாலும், எஞ்சின் சத்தத்தில் ‘நிறுத்து’ என்பதும் ‘திருப்பு’ என்பதும் ஒன்றாகவே கேட்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு திறப்பு இருந்தால் அந்தத் தகராறே இல்லை. ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் பலர் இந்தக் கண்ணாடியை விரும்புவதற்கு இதுதான் நேரான காரணம்.

வேறு லாபங்களும் உண்டு. வெயிலில் நின்ற கேபினின் சூட்டுக் காற்று பின்வழியாகச் சீக்கிரம் வெளியேறும். வேகமாகப் போகும்போது ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கினால் காதுக்குள் ‘தப் தப்’ என்று அடிக்கும் அல்லவா, பின் கண்ணாடியையும் கொஞ்சம் திறந்தால் அது அடங்கிவிடும். கேபினுக்குள் காற்று ஒரே திறப்பில் ஏறி இறங்குவதால் வரும் அதிர்வு அது. இன்னொரு வழி கிடைத்தால் காற்று ஓடிவிடும், அதிர்வு உண்டாகாது.

கையால் தள்ளும் வகை மலிவு, ஒயரிங்கும் இல்லை. ஆனால் நான்கு கதவு கேபினில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின் கண்ணாடிக்குக் கை எட்டாது. அதோடு, கைத்தாழ் போட்ட கண்ணாடியை நெம்பித் திறப்பது திருடனுக்குப் பெரிய காரியமில்லை. மோட்டார் வகையில் உள்ளே புழுப் பல்சக்கரம் இருக்கிறது. மோட்டார் சுற்றினால் கண்ணாடி நகரும். கண்ணாடியைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. தாழ் இல்லாமலே அது பூட்டுதான்.

டொயோட்டா டண்ட்ராவின் க்ரூமேக்ஸ் கேபினில் 2007 முதல் பின் கண்ணாடி முழுவதும் கீழே இறங்கி முதுகுச் சுவருக்குள் போய்விடும். அண்ணனுக்கு அதன்மேல்தான் ஆசை. அதற்குச் சுவரையே அப்படி வடிவமைத்திருக்க வேண்டும், வேறு வண்டியில் பின்னால் சேர்க்கிற சமாசாரம் இல்லை. அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

காயலாங்கடையில் பார்க்க வேண்டியது

நகரும் கண்ணாடி பொருத்திய புதிய சட்டத்தின் (ஃபிரேமின்) விலையைக் கேட்டதும் அண்ணன் பழைய உதிரிபாகக் காயலாங்கடைக்கே போகலாம் என்றார். எஃப் வரிசை அமெரிக்காவில் 1977 முதல் அதிகம் விற்கும் பிக்கப் என்பதால் உடைக்க வந்த வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தலைமுறை பொருந்த வேண்டும். இந்த வண்டி 2009 முதல் 2014 வரையிலான தலைமுறையைச் சேர்ந்தது. 2015இல் உடல் அலுமினியமாகி வடிவமே மாறிவிட்டது. அதிலிருந்து எடுத்த கண்ணாடி இங்கே உட்காராது. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து விசாரித்து வாங்குவதுதான் முறை.

சட்டத்தை அறுத்து எடுத்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கண்ணாடி ஸ்க்ரூவில் நிற்பதில்லை, யூரித்தேன் பசையில் நிற்கிறது. அவசரத்தில் கத்தி விட்டால் சட்டத்தின் பிளாஸ்டிக் விளிம்பு கீறிப்போயிருக்கும். அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் வரும். அடுத்தது மோட்டாரும் கேபிளும். ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டுபோய் இரண்டு முனைகளிலும் கொடுத்தோம், திறந்தது. முனைகளை மாற்றிக் கொடுத்தோம், மூடியது. போகும்போது கண்ணாடி நடுவில் தயங்குகிறதா, கேபிள் உறைக்குள் உராயும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த வகைக் கண்ணாடிகளில் முதலில் போவது கேபிள். கண்ணாடி நகரும் தண்டவாளத்தில் மணல் சேர்ந்து அது இறுகும். கேபிள் இழை இழையாகப் பிரியும். கடைசியில் மோட்டார் மட்டும் ‘உய்ங்’ என்று சுற்றும், கண்ணாடி அசையாது.

மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. கீழ்த் தண்டவாளத்தில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். நகரும் கண்ணாடியின் ஓரத்திலுள்ள ரப்பர் பீடிங்கைத் தாண்டி மழைநீர் உள்ளே வரவே கூடாது என்று இந்த வடிவமைப்பு எதிர்பார்ப்பதில்லை. கொஞ்சம் வரும், தண்டவாளத்தில் தேங்கும், துளை வழியாக வெளியே போய்விடும். அதுதான் திட்டம். நாங்கள் எடுத்த சட்டத்தில் ஒரு துளை மண்ணும் மரத்தூளும் சேர்ந்து கல்லாகியிருந்தது. மெல்லிய நைலான் நூலால் குத்தி, தண்ணீர் விட்டு, எல்லாத் துளைகளும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தோம். மோட்டார், கேபிள், சுவிட்ச், கூடவே ஒரு சாண் ஒயர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினோம். ஒயரை இணைப்பியோடு சேர்த்து வெட்டி எடுத்தால் பின்னால் அதற்குப் பொருத்தமானதைத் தேடி அலைய வேண்டாம்.

பழைய கண்ணாடியின் கீழே இருந்த துரு

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் விட்டோம். இந்தத் தலைமுறை எஃப்-150இல் கூரையின் இரு ஓரங்களிலும் திரை ஏர்பேக் இருக்கிறது. கூரைத் துணியின் பின் ஓரத்தைக் கீழே இறக்கும்போது மின்சாரம் உயிரோடு இருக்கக் கூடாது. அப்புறம் பின் இருக்கை, முதுகுச் சுவர் மூடி, சீட் பெல்ட்டின் மேல் போல்ட் ஆகியவற்றைக் கழற்றினோம்.

பழைய பின் கண்ணாடி முன் கண்ணாடி மாதிரி இரண்டு அடுக்கு கிடையாது. பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி. ஓரத்தில் ஒரு தட்டு விழுந்தாலே முழுவதும் பொடிப் பொடியாகக் கொட்டிவிடும். அதனால் கத்தி போடாமல் பின்னல் எஃகுக் கம்பியை உள்ளிருந்து வெளியே கோத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பசையை ரம்பம்போல அறுத்தோம். பெயின்டில் கம்பி படாமல் வெளிப்புறத் தகட்டில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டியிருந்தோம்.

கண்ணாடி வந்ததும் கீழ் இடது மூலையில் விஷயம் வெளிப்பட்டது. கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பில் விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறத் துரு. அதன்மேல் ஒளி ஊடுருவும் சிலிகான் பூச்சு. பழைய பசையின் நிறமும் கனமும் ஒரே சீராக இல்லாததைப் பார்த்தபோது, இந்தக் கண்ணாடி ஏற்கெனவே ஒருமுறை எங்கோ ஒரு கடையில் மாற்றப்பட்டது புரிந்தது. நடந்ததை ஊகிக்கக் கஷ்டமில்லை. அறுக்கும்போது கத்தி தகட்டைக் கீறியிருக்கிறது. பிரைமர் என்ற அடிப்பூச்சு தொடாமல் அதன்மேலேயே பசையை விட்டிருக்கிறார்கள். துரு பிடித்துப் பசை கிளம்பித் தண்ணீர் வர, யாரோ வெளியிலிருந்து சிலிகானைத் தடவிவிட்டார்கள்.

சிலிகான் இங்கே இரண்டு விதத்தில் கெடுதல். காடி வாடை அடிக்கும் சாதாரண வகை, காயும்போது விடும் அமிலத்தால் வெறும் இரும்பை அரிக்கும். அது பட்ட இடத்தில் யூரித்தேனும் சரியாகப் பிடிக்காது. துணியால் துடைத்தால் போனதுபோலத் தெரியும், ஆனால் படலம் மிஞ்சியிருக்கும். பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி, துப்புரவுக் கரைசலால் துடைத்து, அந்த மூலையை மட்டும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். இவ்வளவு பெரிய இடத்துக்குக் கண்ணாடிப் பிரைமர் போதாது. இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் அடித்து, அது முழுவதும் இறுகும்வரை வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்திவைத்தோம். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. படகு சீசன் போகிறதே என்றார். மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், துருவின்மேல் ஒட்டிய கண்ணாடி துரு உரியும்போது அதோடு சேர்ந்து வந்துவிடும். இந்த மாற்றத்தில் அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

பசை விடுவது

மற்ற இடங்களில் பழைய பசையை முழுவதும் சுரண்டக் கூடாது. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு விட்டுவைத்து, மேற்பரப்பை மட்டும் சமமாகச் சீவ வேண்டும். தகட்டோடு ஏற்கெனவே நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பசைதான் புதிய பசைக்கு மிகச் சிறந்த அடித்தளம். புதிதாக வாங்கிய சட்டத்திலும் அதே முறைதான்.

பசை விடுவதற்கு முன் வெறுமனே ஒருமுறை சட்டத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தோம். இரண்டு சக்‌ஷன் கப், இரண்டு ஆள். நான்கு பக்கமும் இடைவெளி ஒன்றாக வந்ததும், கண்ணாடியிலிருந்து உடலுக்குக் குறுக்கே மாஸ்கிங் டேப் துண்டுகளை ஒட்டி, இடைவெளியில் பிளேடால் வெட்டிவிட்டோம். பசையோடு வைக்கும்போது அந்த டேப்பின் இரண்டு பாதிகளும் நேர்கோட்டில் வந்தால் போதும். பசையில் உட்கார்ந்த கண்ணாடியை இழுத்துச் சரிசெய்யப் போனால் கோடு நசுங்கி எங்காவது மெலிந்துவிடும்.

பசைக் குழாயின் மூக்கை முக்கோணமாக வெட்ட வேண்டும். அடிப்பகுதி எட்டு, உயரம் பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு கூம்புக் கோடு வரும். தொடக்கமும் முடிவும் சேரும் இடம் மூலையில் வரக் கூடாது. நீளமான நேர்ப்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிச் சேர்க்க வேண்டும். கையை எடுக்காமல் ஒரே மூச்சில் சுற்றி வருவதற்கு பேட்டரி பசைத் துப்பாக்கி பெரிய உதவி. கையால் அழுத்தும் துப்பாக்கியில் ஒவ்வொரு பிடிக்கும் கோடு மெலிந்து பருக்கும்.

யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். அந்த விஷயத்தில் ஹூஸ்டனைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் முதல் நாள் ஒரு பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருந்தோம். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறும், ஈரப் பசையில் நிற்கும் கண்ணாடியை அது வெளியே தள்ளும்.

ஒயரிங்

மோட்டாருக்கு இரண்டே ஒயர். சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்தில் இருக்க வேண்டும். ஒன்றை 12 வோல்ட்டுக்கு ஏற்றினால் திறக்கும், மற்றதை ஏற்றினால் மூடும். கூரை கன்சோலில் விளக்குக்கு வரும் ஒயரிலேயே தட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த ஒயர் மெல்லியது. மோட்டார் தடுமாறும் நேரத்தில் இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது.

அதனால் ஐந்து முனை ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இரண்டை முதுகுச் சுவரில், மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைத்தோம். பயணி கால்பக்க ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி ஃபியூஸோடு 14 கேஜ் ஒயர் கதவுப் படி மூடிக்கு அடியில் பின்னால் போகிறது. கூரையிலுள்ள சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் எழுப்புகிறது, அதற்கு மெல்லிய ஒயர் போதும். அந்த மெல்லிய ஒயர் முன் தூண் வழியாக இறங்குகிறது. அங்கே தொழிற்சாலை ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினோம். ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்கே எதுவும் போகக் கூடாது. விரியும்போது அது ஒயரை இழுக்கும், ஒயர் அதை இழுக்கும்.

சுருளுக்கான மின்சாரத்தைக் கதவுக் கண்ணாடிகள் வேலை செய்யும் அதே தாமதச் சுற்றிலிருந்து எடுத்தோம். சாவியை அணைத்த பிறகு பத்து நிமிடம் வரை, அல்லது முன் கதவைத் திறக்கும்வரை அது உயிரோடு இருக்கும். நேரடி பேட்டரி இணைப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் வசதி அல்ல, வண்டியில் தனியாக இருக்கும் குழந்தைகள் கண்ணாடியில் சிக்கிவிடக் கூடாது என்பதுதான். மோட்டார் கண்ணாடிகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி எண் 118, சாவி இல்லாத நேரத்தில் யாரோ பொத்தானை அழுத்திக் கண்ணாடியை மூடிவிடும் நிலையைத்தான் தடுக்கிறது. தடை பட்டால் 100 நியூட்டன் அழுத்தம் ஏறும் முன் திரும்பிவிடும் கண்ணாடிகளுக்குச் சலுகை உண்டு. எங்களுடையதில் அந்தத் திரும்பும் வசதி இல்லை. எனவே ஒருமுறை தொட்டால் முழுவதும் மூடும் வேலையும் வைக்கவில்லை. விரலை எடுத்தால் நின்றுவிடும்.

பின் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகளை இணைக்கவில்லை. அதற்குத் தனி ரிலே, கனமான ஒயர், ஏசி பலகையில் பொத்தான் எல்லாம் வேண்டும். ஹூஸ்டனில் அதற்குத் தேவை வருடத்தில் சில காலை நேரங்கள்தான். குளிர் அதிகமான மிச்சிகனில் இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ஒழுகல் சோதனை

அண்ணன் டார்ச்சோடு பின்னால் உட்கார்ந்தார். நான் தோட்டக் குழாயை வேகமில்லாமல், கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே ஏற்றினேன். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரியாமல் போகும். கீழே ஒன்றுமில்லை. பக்கங்களிலும் இல்லை. மேல் ஓரத்தைத் தாண்டியதும் உள்ளிருந்து குரல்:

“தம்பி, வருது! நடுவுல, மேல.”

சட்டத்தின் மேல் விளிம்பில் சொட்டுத் தொங்கியது. பார்க்கிறவர் யாரும் புதிய கண்ணாடியைத்தான் குற்றம் சொல்வார்கள். மேலே பெரிய மூன்றாவது பிரேக் விளக்கு இருக்கிறது. 1994 மாடல் முதல் இலகு ரக டிரக்குகளில் அது கட்டாயம். கேபினின் பின் தகட்டில் துளை போட்டு, பஞ்சு கேஸ்கெட் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். வருடக் கணக்கில் வெயிலில் காய்ந்தால் பஞ்சு நசுங்கி வழிவிடும். எஃப்-150இல் இது எல்லாரும் அறிந்த தொல்லை. விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி மறுபடி தண்ணீர் விட்டோம், சொட்டு நின்றது. புதிய கேஸ்கெட் போட்டதும் தீர்ந்தது. இந்தச் சோதனை செய்யாமல் கண்ணாடி ஓரத்தில் மேலும் பசை அப்பியிருந்தால், விளக்கும் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும்.

அடுத்து சோப்பு. ஏசி ஊதுகுழலை உச்சத்தில், வெளிக்காற்று நிலையில் வைத்து எல்லாக் கதவுகளையும் மூட வேண்டும். கேபினின் முதுகுச் சுவரில் காற்றழுத்தம் வெளியேற மடல் வைத்த துவாரங்கள் இருக்கும், அவற்றை டேப்பால் அடைத்தோம். பிறகு வெளியே பசைக்கோடு நெடுகச் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். பசைக்கோட்டில் எங்கும் குமிழ் வரவில்லை. நகரும் கண்ணாடியின் பீடிங் ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வந்தன. அது பிழையல்ல, தண்டவாளமும் வடிகால் துளைகளும் அதற்காகத்தான் இருக்கின்றன.

இங்கேதான் பலர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கீழ்த் தண்டவாளத்திலிருந்து வெளிப்பக்கம் தண்ணீர் வழிவதைப் பார்த்து, ‘ஒழுகுது’ என்று அந்தத் துளையைச் சிலிகானால் அடைப்பார்கள். அப்புறம் தண்டவாளம் நிரம்பி, தண்ணீர் கேபினுக்குள் வழிந்து, முதுகுச் சுவர் வழியாகத் தரைவிரிப்புக்குப் போகும். மேலே காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு ஊறிக் கிடக்கும், நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

பயன்படுத்தும்போது

படகுத் துறையில் நின்று எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பின் கண்ணாடி திறந்திருந்தால் புகை உள்ளே வரும். ஓடும் வண்டியிலும் கேபினுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து காற்று சுழலும். தூசியும் புகையும் அந்தச் சுழலில்தான் ஏறி வரும். ஊதுகுழலை வெளிக்காற்றில் வைத்து ஓடவிட்டால் காற்று உள்ளிருந்து பின்னால் போகும். உள்காற்றுச் சுழற்சியில் வைத்துக்கொண்டு பின் கண்ணாடியை மட்டும் திறப்பது கூடாது. பின் தொட்டிக்கு மூடி போட்டு, மூடிக்கும் கேபினுக்கும் வழி திறந்து வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூடியின் பின்கதவு இடுக்கில் புகுந்த புகை நேராகக் கேபினுக்கே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

பராமரிப்பு அதிகமில்லை. தண்டவாளத்தில் கிரீஸ் போடக் கூடாது. மணலைப் பிடித்துவைக்கும், பெட்ரோலிய வகையாக இருந்தால் ரப்பரையும் ஊதவைக்கும். தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, பீடிங்குக்கு உலர் சிலிகான் ஸ்ப்ரே போதும். ஒட்டும் சிலிகானும் இதுவும் ஒன்றல்ல. கடற்கரைக்குப் போய்வந்தால் தண்டவாளத்தில் நல்ல தண்ணீர் விட்டு, அது துளை வழியாக வெளியே வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி கழுவும் இடத்தில் அழுத்தக் குழாயைப் பீடிங்குக்கு நேராக நெருக்கிப் பிடிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டார். அண்ணன் இன்னும் நேராகத்தான் பிடிக்கிறார்.